சித்தையனின் பதினேழு லோடு

சித்தையனுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது ஒரு லட்சத்து ஏழாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய். இன்று இப்படிச் சில்லறையோடு சொல்கிறேன். போன சிவராத்திரிக்கு முன்னால் ஒரு வாரம் இந்தத் தொகை எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மைசூர் தேவராஜ மொஹல்லாவில் வாழைத்தார் மண்டி மல்லப்பன் என்றால் ஆட்டோக்காரன் கூட வழி காட்டுவான். மூன்றாம் வகுப்பு வரை போனேன், அதுவும் முழுதாக இல்லை. மண்டியும் நானே போட்டது, இரண்டு மாடி வீடும் நானே கட்டியது. நூற்றிருபது பேருடைய போன் நம்பர் என் தலையில் இருக்கிறது. இன்றுவரை ஒருவர் பெயரையும் போனில் போட்டு வைத்ததில்லை. நம்பரைப் பார்த்தாலே ஆளின் முகம் தெரியும்.

ஆனால் இது சித்தையனின் கதை. ஹனூருக்கு அந்தப் பக்கத்து ஆள். பன்னிரண்டு வருடம் என் மண்டியில் தார் சுமந்தான். இன்றைக்கும் அவனுக்கு வலது தோள் இரண்டு விரல் தாழ்ந்துதான் இருக்கும். ஒருமுறை அறுபது தாருக்குப் பதில் அறுபத்தொன்றுக்குக் கூலி கொடுத்துவிட்டேன். பஸ் ஏறப் போனவன் திரும்பி வந்து மூன்று ரூபாயை மேசையில் வைத்துவிட்டுப் போனான். அந்தச் சுமைக்கூலியில் மிச்சம் பிடித்து ஊரில் ஒன்றேகால் ஏக்கர் வாங்கி, ஏலக்கி வாழை வைத்தான். என்னைப் போலவே கீழிருந்து வந்தவன் என்பதால் அவன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

புதன்கிழமை தோறும் டெம்போவில் தார் ஏற்றி விடுவான். நான் எடை போட்டு, என் கமிஷன் போக விலையைப் போனில் சொல்வேன். உடனே அவனிடமிருந்து ஒரு மெசேஜ் வரும். 18 204 38. பதினெட்டுத் தார், இருநூற்று நான்கு கிலோ, கிலோ முப்பத்தெட்டு ரூபாய். அவனுடைய பட்டன் போனில் கன்னடமும் இங்கிலீஷும்தான் உண்டு. அவனுக்கு இரண்டும் எழுத வராது. எண்கள் மட்டும் வரும். மற்றவர்களுக்கு வாரச் சீட்டு எழுதி அன்றே பணம் கொடுத்துவிடுவேன். சித்தையன் சீட்டும் வாங்க மாட்டான், பணமும் வாங்க மாட்டான். தீபாவளியிலிருந்து சிவராத்திரி வரை என்னிடமே சேரட்டும் என்பான். இந்த முறை நடுவில் உரத்துக்கு மட்டும் பதினைந்தாயிரம் முன்பணம் வாங்கியிருந்தான். சிவராத்திரிக்கு முதல் நாள் மொத்தமாக வாங்கிக்கொண்டு, கடனில்லாமல் மாதேஸ்வரன் மலை ஏறுவது அவன் வழக்கம்.

அவன் போனில் ஐம்பது மெசேஜுக்கு மேல் நிற்காது. நிறைந்ததும் அழித்துவிடுவான். "என் போனில் இருக்குதில்ல, அதுதான்டா உன் பேங்க்" என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன்.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை. என் போன் அசையவே இல்லை. இடம் நிறைந்துவிட்டது என்று எழுத்து வந்து நின்றது. மருமகள் சுசித்ராவிடம் கொடுத்தேன்.

"மாமா, இதுல நூத்துக்கணக்குல ஓடிபி கெடக்கு. எல்லாம் தள்ளிடலாமா?"

"தள்ளும்மா, குப்பையை எதுக்கு வெச்சுக்கறது" என்றேன், காபியைக் குடித்துக்கொண்டே.

அன்று சாயங்காலமே சித்தையன் போன் செய்தான். போர்வெல் மோட்டார் எரிந்துபோய்விட்டது. புது மோட்டார் போடுகிறவன் சிவராத்திரிக்கு முதல் நாள் பணம் கையில் வந்தால்தான் இறக்குவேன் என்கிறான். கன்றுகள் வாடுகின்றன. "கணக்குப் பாத்து வெச்சுருங்ணா, அடுத்த வாரம் சனிக்கிழமை வாறேன்" என்றான்.

கணக்குப் பார்க்கப் போனைத் திறந்தேன். அவன் நம்பரில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக இருந்தது.

சுசித்ராவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். அவள் அழவில்லை. "பேரும் இல்ல, எழுத்தும் இல்ல, வெறும் நம்பர். நான் என்னன்னு நெனக்கறது மாமா? நீங்கதானே தள்ளுன்னீங்க" என்றாள். சித்தையன் என்று ஒரு பெயரைப் போட்டு வைத்திருந்தால் அவள் கை வைத்திருக்க மாட்டாள்.

வீட்டில் வேறு யாருக்கும் தெரியாமல் நானே சரி செய்துவிடலாம் என்று இறங்கினேன். அழிந்ததை மீட்டுத் தருகிறோம் என்று போனிலேயே எத்தனையோ ஆப் இருக்கின்றன. மூன்றை இறக்கினேன். ஒன்று எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் வாங்கிக்கொண்டு, யாரோ கல்யாணத்துக்கு அனுப்பிய பழைய படத்தை எடுத்துக் காட்டியது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சித்தையனுக்குப் பணம் இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை, பணம் என்னிடம் இருக்கிறது. எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. நாற்பது வருடத்தில் என் மண்டியில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

திங்கட்கிழமை மார்க்கெட்டுக்குப் பின்னால் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜீவிதாவிடம் போனேன். அவள் போனைப் பார்த்ததும் முதலில் அந்த மூன்று ஆப்பையும் எனக்கே காட்டினாள்.

"அங்கிள், இத யாரு போடச் சொன்னது?"

"நானேதான்."

"அழிச்சது ஒடனே போகாது. மேல புதுசு வந்து உக்காந்தாதான் போகும். நீங்க தேடறேன்னு மூணு மூட்டையத் தூக்கி அதுமேலயே வெச்சிருக்கீங்க. போனுக்குள்ள இனி தேடிப் பிரயோஜனம் இல்ல. பேக்கப் உண்டா?"

எனக்கு அது என்னவென்று தெரியாது. போன் தானாகவே தன்னிடம் இருப்பதை ஒரு நகல் எடுத்து வெளியே பத்திரப்படுத்தும் என்றாள். ஆனால் சார்ஜ் ஏறும்போது வைஃபை கிடைத்தால்தான் என் போன் அதைச் செய்யும். என் வீட்டு வைஃபையை நான் போனில் சேர்த்ததே இல்லை. காற்றுக்கு யாராவது மாசம் ஐநூறு ரூபாய் கொடுப்பார்களா என்று மகனிடம் சண்டை போட்டவன் நான்.

ஜீவிதா கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தாள். "ஒரே ஒரு தடவ எடுத்திருக்கு. டிசம்பர் இருபத்தேழாம் தேதி. எங்க இருந்தீங்க அன்னிக்கு?"

சாமராஜநகரில் மகள் தீபா வீட்டில் இருந்தேன். பேத்தி எதையோ அழுத்திக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

"நகல் இருக்கு அங்கிள். ஆனா இந்தப் போன மொத்தமா தொடச்சிட்டு, புதுசு மாதிரி ஆரம்பிச்சாதான் அது எறங்கும். அந்தத் தேதிக்கு அப்புறம் உள்ளது எல்லாம் போயிடும். முக்கியமானது ஏதாவது இருக்கா?"

"அவன் கணக்கைவிட முக்கியமானது இல்லை. துடைம்மா" என்றேன்.

இரண்டு மணி நேரம் அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நஞ்சன்கூடு பஸ்காரர்கள், பூக்காரிகள், எல்லோரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டுப் போனார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. கடைசியில் ஜீவிதா போனை நீட்டினாள். சித்தையன் நம்பர். அதற்குக் கீழே எண்கள். 18 204 38. 20 226 35. எண்ணினேன். பதினொன்று இருந்தது. பதினேழு லோடில் பதினொன்று. டிசம்பர் இருபத்தேழுக்கு அப்புறம் வந்த ஆறும் போனதுதான்.

பதினொரு லோடுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டுத் தார், எண்பதாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். இதைக் காகிதமில்லாமல் அங்கேயே போட்டேன். மீதி ஆறு வாரத்துக்கும் விலையில் சந்தேகமில்லை. மற்றவர்களின் சீட்டுகளில் ஆறு வாரமும் முப்பத்தெட்டிலேயே நின்றிருந்தது. எடைக்கு, பழைய பதினொன்றைப் பார்த்துத் தாருக்குப் பதினொரு கிலோ வைக்கலாம். தார் எத்தனை என்பதுதான் தெரியவில்லை.

சித்தையன் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. விஷயத்தைப் போனில் சொன்னதும் வியாழக்கிழமையே மனைவி மாதம்மாவோடு பஸ் ஏறி வந்துவிட்டான். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பிறகு மேசையைத் திறந்து, "ஒரு லட்சம் முழுசா இருக்குது சித்தையா. எடுத்துக்க. மோட்டாரைப் போடு" என்றேன்.

அவன் பணத்தைப் பார்க்கவில்லை. "ஒரு லட்சம்னு எப்படிங்ணா தெரிஞ்சுது?"

"குத்துமதிப்புதான். மிச்சம் இருந்தா அப்புறம் தர்றேன்."

"கணக்கில்லாத காசு எனக்கு வேண்டாங்ணா. கூட இருந்தா உங்க காசு, கொறஞ்சா என் காசு. ரெண்டும் எனக்குத் தூக்கம் கெடும்."

"அந்த ஆறு லோடுல தொண்ணூத்தொரு தார். என் ஞாபகம் பொய் சொல்லாது."

"நூத்துக்கிட்ட இருக்குங்ணா."

"நான் நாப்பது வருசமா..."

மாதம்மா அதுவரை வாசலில் நின்றிருந்தாள். "நாப்பது வருசம் இருக்கட்டுங், நூறு வருசம் இருக்கட்டுங்" என்றாள். "மண்டிக்காரங்க ஞாபகம் எப்பவும் கொறஞ்சுதான் வருது, கூட வந்து நான் பாத்ததில்லீங்."

"புள்ள, சும்மா இரு" என்றான் சித்தையன்.

"எதுக்குச் சும்மா இருக்கோணும்? தார் மைசூருக்கு வந்துருச்சு. கட்டை எங்க போச்சு? தோட்டத்துலதான நிக்குது. ஒரு வாழை ஒரு தாருதான் போடும். வந்து எண்ணிக்கச் சொல்லுங்க."

நான் அவளைப் பார்த்தேன். அது எங்கள் மூன்று பேரில் எனக்கும் தோன்றவில்லை, சித்தையனுக்கும் தோன்றவில்லை. அந்தத் தோட்டம் புது நடவு, அதில் முதல் வெட்டே தீபாவளிக்குப் பிறகுதான். அங்கே தார் வெட்டியபின் நிற்கிற ஒவ்வொரு கட்டையும் எனக்கு வந்த ஒரு தார்.

வெள்ளிக்கிழமை காலை ஹனூர் போனேன். தோட்டத்தில் மண் வெடித்திருந்தது. பக்கக் கன்றுகளின் இலை நுனி பழுத்துச் சுருண்டிருந்தது. மோட்டார் கழற்றிய இடத்தில் குழாய் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. மாதம்மா ஒரு டப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்து எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று கொடுத்தாள். எண்ணுகிற கட்டைக்கெல்லாம் ஒரு பொட்டு வைக்க வேண்டும். நான் மேற்கிலிருந்து, அவள் கிழக்கிலிருந்து. சித்தையன் வரப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் எண்ணவில்லை.

எனக்கு இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அவளுக்கு முன்னூற்றொன்று.

"நீ எதையோ ரெண்டு தடவை வெச்சிருக்கே" என்றேன்.

"உங்க சுண்ணாம்பு இல்லாத கட்டை எங்கிருக்குதுன்னு காட்டட்டுங்களா?" என்று மோட்டார் ரூமுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு கட்டை, ஒரு பொட்டு மட்டும் வைத்தபடி நின்றன. அவள் பொட்டு.

நான் குனிந்து இரண்டுக்கும் என் சுண்ணாம்பை வைத்தேன்.

அதில் மூன்று தார் மண்டிக்கு வரவில்லை என்றான் சித்தையன். இரண்டு கோயிலுக்கு, ஒன்று காற்றில் விழுந்தது. அவன் சொல்லாவிட்டால் எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் சொன்னான். முன்னூற்றொன்றில் மூன்று போக இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. போனில் கிடைத்தது நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மீதி நூறு. என் ஞாபகம் ஒன்பது தார் குறைவாக இருந்திருக்கிறது. நாற்பத்தோராயிரத்து எண்ணூறு ரூபாய் அந்த நூறு தாருக்கு. பழையதோடு சேர்த்து, உரத்துக்கு அவன் வாங்கின பதினைந்தாயிரத்தைக் கழித்தேன்.

"ஒரு லட்சத்து ஏழாயிரத்து நானூத்தி நாப்பது" என்றேன். சித்தையன் விரலில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான்.

பணத்தைப் பையில் கொண்டு போயிருந்தேன். அவனிடம் நீட்டினேன். அவன் மாதம்மாவைக் காட்டினான். அவள் சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை நீட்டினாள்.

நான் நோட்டுக் கட்டை விசிறியபடி வாய் திறக்காமல் எண்ணுகிற ஆள். அந்த வேகத்தைப் பார்க்கவே மார்க்கெட்டில் ஆள் நிற்பார்கள். இரண்டு நோட்டுத்தான் தள்ளியிருப்பேன், மாதம்மா கையை மூடிக்கொண்டாள்.

"எனக்குக் கேக்கற மாதிரி எண்ணுங்க."

முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு, ஒவ்வொன்றாக. அவள் உதடும் கூடவே அசைந்தது. கை நிறைய நிறைய இடது கைக்கு மாற்றிக்கொண்டு மறுபடி நீட்டினாள். இருநூற்றுப் பதினான்கு ஐந்நூறு ரூபாய் நோட்டு. அதன்மேல் நான்கு நூறு ரூபாய். கடைசியாக இரண்டு இருபது ரூபாய் நோட்டை, ஒன்று, இரண்டு என்று சொல்லி, விரித்த அந்தக் கையில் வைத்தேன்.