சாந்தாமணி நகர்த்திய நான்கு பிரேம்கள்

பொள்ளாச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கேமராவை ஸ்டாண்டில் பொருத்திக்கொண்டிருந்தபோது சாந்தாமணியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." என்றார். மேடையில் நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. முகூர்த்தம் முடியும்வரை படம்பிடித்துவிட்டுத்தான் கோவைக்குக் கிளம்பினேன். பாதியில் விட்டு வந்திருந்தால் முதலில் திட்டியிருக்கக்கூடியவர் அவர்தான்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். எங்கள் சிறிய வீடியோ யூனிட்டுக்கு வருமுன் சாந்தாமணி ஒரு பம்ப்செட் கம்பெனியில் வேலை பார்த்தார். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் சரியா தவறா என்று சொல்வார். எங்களிடம் வந்தபின் நான் கேம்கார்டரில் படம் எடுப்பேன், அவர் தனிக் கருவியில் ஒலியைப் பதிவார். பிறகு இரண்டையும் கணினியில் இம்மி பிசகாமல் பொருத்த வேண்டும். "ஒதடும் பேச்சும் ஒட்டலீன்னா, நெசம் பேசறவங்களும் பொய் சொல்ற மாதிரி தெரியுமுங்க" என்பார்.

சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு நேரே ஜெனரேட்டர்காரரிடம் போனார். "ஏனுங்க, இது இன்னும் ஒரு மணி நேரம் தாங்காதுங்க. வேற வண்டி சொல்லிருங்க." அந்த மனிதர் சிரித்தார். ஆனாலும் சொல்லிவைத்தார். தாலி கட்டுவதற்குச் சற்று முன்பு பழையது நின்றது, புதியது வந்து இறங்கியது. சாப்பாட்டுப் பந்தியில் சாந்தாமணிக்கு மட்டும் ஜிலேபி இரண்டு முறை வந்தது.

ஆனால் அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு குதிரை.

அந்தியூர்ப் பக்கம் சென்னியப்பன் என்ற விவசாயி, ராசாத்தி என்ற வெள்ளைக் குதிரையை மேளத்துக்கு ஆடப் பழக்கியிருந்தார். அதைப் படமெடுத்தோம். சாந்தாமணியின் கருவி மேளக்காரர்களை ஒட்டி இருந்தது. நான் ஏறக்குறைய இருநூறு அடி தள்ளி ஒரு மாடியில் நின்றேன். மறுநாள் அவர் உறவினர் வீட்டு விசேஷத்துக்காக வால்பாறைக்குப் போய்விட்டதால், நானே கணினியில் பொருத்தி அனுப்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துச் சென்னியப்பன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. "சந்தையில எல்லாருக்கும் போட்டுக் காட்டினனுங்க. குதிரை தாளத்துக்கு முந்துதுன்னு சிரிக்கறாங்க. ஏழு வருசமா நாந்தானுங்க பழக்கினேன்" என்றார்.

நான் என் வேலையில் தவறில்லை என்று வாதாடினேன். கேமராவிலும் மேளச் சத்தம் மங்கலாகப் பதிவாகியிருந்தது. அதோடுதான் சாந்தாமணியின் ஒலியைச் சேர்த்திருந்தேன், இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. சாந்தாமணி படத்தை ஓட்டினார். "குதிரைய உடுங்க. மேளக்காரர் கையப் பாருங்க" என்றார். குச்சி தோலில் பட்டு எழுந்த பிறகே சத்தம் வந்தது. "தூரத்துல வெடி வெச்சா மொதல்ல வெளிச்சம், அப்புறந்தானுங்களே சத்தம்? உங்க கேமராவுக்கே மேளம் லேட்டாத்தான் கேட்டிருக்குது."

ஒலியை நான்கு பிரேம் முன்னால் இழுத்தார். விநாடிக்கு இருபத்தைந்து பிரேம்; நான்கு என்பது ஒரு விநாடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ராசாத்தியின் குளம்பும் மேளமும் ஒன்றாக விழுந்தன. "அட, இவ தப்பே பண்ணலீங்க!" என்று சாந்தாமணி மேசையைத் தட்டிச் சிரித்தார். சென்னியப்பன் அப்போதுதான் தண்ணீரைக் குடித்தார்.

சரியான படத்தைப் போனில் அனுப்பிவிடலாம் என்றேன். "சிரிச்சது ஊரு. போன்ல அனுப்பினா ஊரு பார்க்குமா? கெளம்புங்க" என்றார்.

மறுநாள் அந்த ஊர் டீக்கடை டிவியில் படம் ஓடியது. கூட்டத்துக்கு முன்னால் நின்று, "தப்பு குதிரை மேல இல்லீங்க, எங்க மேல" என்று சாந்தாமணி சொன்னார். எனக்குக் கூச்சமாக இருந்தது, அவருக்கு அது துளியும் இல்லை. சிரித்தவர்களே கைதட்டினார்கள். சென்னியப்பன் ராசாத்தியை ஓட்டிவந்தார், மேளக்காரர்களும் வந்துவிட்டார்கள். புழுதி பறக்கக் குதிரை ஆடியது. முன்வரிசையில் நின்று அடிக்கு அடி கைதட்டியவர் எங்கள் ஒலிப்பதிவாளர்தான். அன்று அதைப் பதிவு செய்ய எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

அவரிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு. போன வாரம் ஒரு கல்யாண வீட்டுக்காரரை அழைத்தேன். "வீடியோவுல மாப்பிள்ளை பேசறது கொஞ்சம் பிந்துதுங்க. சரி பண்ணி நானே கொண்டு வாரனுங்க."

"நாங்க கவனிக்கவே இல்லீங்களே?" என்றார்.

"நான் கவனிச்சுட்டனுங்க."

"அப்படீன்னா ஞாயித்துக்கெழமை சாப்பாட்டுக்கே வந்துருங்க" என்றார்.

போகப்போகிறேன்.