கிட்டங்கித் தராசும் என் உடம்பும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் நடுவில், எனக்கு இருபது வயது நடந்தபோது, விஷக்காய்ச்சல் வந்து ஒரு மாதம் படுக்கையில் கிடந்தேன். கணவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். நான் தூத்துக்குடியில் மாமியாரோடு இருந்தேன். வீட்டை ஒட்டியே நிலாவாரை இலை மூட்டைகள் அடுக்கும் எங்கள் கிட்டங்கி.

காய்ச்சல் விட்டபோது எலும்பும் தோலுமாக எழுந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மாமியாருக்கு இது சயரோகம் என்று சந்தேகம். டாக்டர் அது இல்லையென்று சொன்னதை அவர் நம்பவில்லை, தராசை நம்பினார். வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போவார். உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கிய தராசின் ஒரு தட்டில் நான் ஏறி உட்கார வேண்டும். மறுதட்டில் கணக்குப்பிள்ளை இரும்புக் கற்களை வைப்பார். இலை புடைக்கும் பெண்கள் முறத்தை இறக்கிவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். இத்தனை ராத்தல் என்று அவர் உரக்கச் சொல்வார். அன்றே அது கொழும்புக்குக் கடிதத்தில் போகும். நூறு ராத்தல் ஆகாமல் என்னைக் கப்பலேற்றுவதில்லை என்று மாமியார் தீர்மானித்திருந்தார்.

முதல் வாரம் எழுபத்தெட்டு. மூன்றாம் வாரம் எண்பத்தாறு.

"பாத்தியாளா, என் கஞ்சி பிடிச்சிட்டு" என்றார் மாமியார். அன்றைக்கு மட்டும் அவர் முகம் தெளிந்திருந்தது.

எனக்கோ மச்சுக்குப் போகும் பன்னிரண்டு படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

"அத்தை, இது வீக்கம். சதை இல்ல. நீர் கோத்துதான் எடை கூடியிருக்கு."

"கல்லு பொய் சொல்லுதாக்கும்? பேசாம கஞ்சியக் குடி."

அதற்குப் பிறகு என் உடம்பை நானே பார்த்துக்கொள்ளத் தொடங்கினேன். காலையில் கணுக்காலை அழுத்திப் பார்ப்பேன். குழி மெல்ல மெல்லச் சிறுத்து, ஒரு நாள் விழவேயில்லை. படியை ஒரே மூச்சில் ஏறினேன். கிணற்றில் இரண்டு வாளிக்கே நடுங்கிய கை ஆறு வாளி இறைத்தது. சீப்பில் முடி குறைந்தது. நின்றுபோயிருந்த தீட்டும் வந்தது. கருவாட்டுக் குழம்பின் வாசனைக்கு வாயூறியபோது பிழைத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்துபோயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை தராசு எண்பது காட்டியது. வீக்கம் வற்றியதுதான் காரணம். சயரோகம்தான் என்று மாமியார் முடிவுகட்டினார். மத்தியானம் எனக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு வந்தது. பாயை விறகு அறைக்கு மாற்றினார். "மவனுக்கு வேற பொண்ணு பாக்கணும்" என்று கணக்குப்பிள்ளையிடம் என் காதுபடவே சொன்னார்.

நடந்ததையெல்லாம் கணவருக்கு எழுதினேன். பதில் வந்தது: 'அம்மா சொற்படி நட. எடை கூடட்டும், பார்க்கலாம்.' கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தராசு முன்னால் நின்றேன்.

"ஏறுளா."

"ஏற மாட்டேன்."

"ஏன், குறைஞ்சிருக்கும்னு பயமா?"

"கூடியிருந்தாலும் ஏற மாட்டேன். நான் மூட்டை இல்ல, அத்தை."

கணக்குப்பிள்ளை கையில் கல்லோடு கீழே பார்த்தார்.

"அப்ப உன் அப்பன் வீட்டுக்குப் போ" என்றார் மாமியார்.

மாற்றுச்சேலை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினேன். வண்டி கேட்கவில்லை; கேட்டால் மாமியாரிடம்தான் கேட்க வேண்டும். திருநெல்வேலிச் சாலையில் அப்பா வீடு இருந்த புதுக்கோட்டைக் கிராமம் வரைக்கும் நடந்தேன். நாலு இடத்தில் உட்கார்ந்தேன். உச்சிவெயிலில் வீட்டுக்குள் நுழைந்த என்னைப் பார்த்து அம்மா பதறினாள். "சோறு போடு" என்றேன். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்துக் கணவர் வந்தார். நான் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாகக் கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்தேன். வாசலில் நின்றபடியே கேட்டார்: "இப்ப எத்தன ராத்தல்?"

"தெரியாது."

"நிறுத்துப் பாக்கலியா?"

"இல்ல. இனியும் பாக்க மாட்டேன். கூட்டிட்டுப் போறதுன்னா இப்படியே கூட்டிட்டுப் போங்க."

அவர் இரண்டு நாள் தங்கி, நான் உண்பதையும் உழைப்பதையும் பார்த்தார். பிறகு எனக்கும் சேர்த்துக் கப்பலுக்கு ஏற்பாடு செய்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் மன்னிக்கவில்லை, அவரோடு குடும்பம் நடத்தினேன், அவ்வளவுதான்.

துறைமுகத்துக்கு மாமியார் வந்திருந்தார். "தேறிட்டாளே, என் கஞ்சிதான்" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்வது கேட்டது. நான் காலில் விழாமல் கப்பலுக்குப் போகும் படகில் ஏறினேன். பின்னாளில் மாமியார் இறந்த சேதி கொழும்புக்கு வந்தது; தூத்துக்குடியில் ஊரே கூடி அழுததாகச் சொன்னார்கள். நான் அன்றைக்கும் வயிறாரச் சாப்பிட்டேன்.