கடைசியாகப் பாடியவன்

பெரியப்பா ஆளைப் பார்த்து எடுக்க மாட்டார். மூச்சைக் கேட்டு எடுப்பார். அருப்புக்கோட்டை தாலுகா சடுகுடு அணிக்குப் பல வருசம் அவர்தான் பொறுப்பு. ஆள் எடுப்பது, பழக்குவது, களத்தில் எவன் எங்கே நிற்பது என்று சொல்வது எல்லாம் அவர் வேலை. மற்ற நேரத்தில் எங்கள் தெருவில் எல்லாரையும் போல அவரும் தறியில்தான் உட்கார்ந்திருப்பார். தறியில் இருக்கும்போது அவர் ஒரு ஆள். களத்தோரம் நின்றால் வேறு ஆள். விசில் கழுத்தில் தொங்கும். எவனும் அவர் எதிரில் பீடி பற்ற வைக்க மாட்டான்.

ஊருக்கு மேற்கே கரிசல் காட்டில் தண்ணீர் ஊறாத கிணறு ஒன்று உண்டு. வருசத்துக்கு ஒரு நாள் அங்கேதான் தேர்வு. உச்சி வேளையில் நடக்கும். அந்த நேரத்தில்தான் காற்று நிற்கும், ஊரில் தறிச் சத்தமும் நிற்கும். பெரியப்பா கிணற்றுக்கு முதுகைக் காட்டி, தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு கல்லில் உட்காருவார். வந்தவர்கள் தூரத்தில் வேப்பமரத்தடியில் நிற்பார்கள். ஒவ்வொருவராக வந்து, கிணற்றுக்குள் குனிந்து, ஒரே மூச்சில் சடுகுடு பாட வேண்டும். மூச்சு விட்டதும் பேசாமல் மரத்தடிக்குத் திரும்பிவிட வேண்டும். பாடியது யார் என்று பெரியப்பாவுக்குத் தெரியாது. எத்தனையாவது குரல் என்று மட்டும் தெரியும். கடைசியில் நம்பரைச் சொல்வார். அந்த நம்பர்காரன் அணியில் உண்டு. ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டார். வெளியில் பாடுகிறவன் ஏமாற்றலாம், கிணற்றுக்குள் மூச்சை ஒளிக்க முடியாது என்பார். அவ்வளவுதான்.

நான் சொல்லப்போகிற தேர்வு நடந்தபோது, பெரியப்பாவின் தம்பியான சித்தப்பா செத்து இரண்டு வருசம். தாலுகாவிலேயே நீளமான மூச்சு அவருக்கு. கடைசி ஆட்டத்தன்று காலையில் நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று சொன்னாராம். அவர் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்று பெரியப்பா இறக்கிவிட்டார். எதிர்க் களத்துக்குள் பாடிக்கொண்டு போனவர் அங்கேயே உட்கார்ந்தார். பிறகு படுத்தார். கோப்பையும் அவரும் ஒரே பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். பாட்டை முடிக்காமல் போனவன், அந்த மூச்சு எங்கேயாவது நின்றுகொண்டுதான் இருக்கும் என்று தெருப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தை நிறுத்தி, தறியில் ஓடுகிற நாடாவுக்குத் தார் சுற்ற, அதாவது குழலில் நூல் சுற்ற, உட்கார வைத்திருந்தார்கள். ராட்டையைச் சுற்றிக்கொண்டே, ஒரு தார் முடியும் வரை மூச்சு விடாமல் சடுகுடு பாடிப் பார்ப்பேன். பொம்பளைப் பிள்ளை பாடுகிற பாட்டா என்று அம்மா தலையில் கொட்டுவாள். அதனால் உதட்டுக்குள் பாடுவேன்.

அந்த வருசத் தேர்வன்று பெரியப்பாவுக்குக் கூழ் கொண்டுபோனேன். தூக்குச்சட்டியை அவர் பக்கத்தில் வைத்தேன். போய்விடு என்று கையைக் காட்டினார். நான் போகவில்லை. கிணறு வெட்டிய மண் கிணற்று விளிம்பை ஒட்டி மேடாகக் கிடந்தது. அதன் பின்னால் படுத்துக்கொண்டேன்.

ஒன்பது பேர் வந்திருந்தார்கள். எங்கள் தெருவில் மூன்று பேர், வீரசோழனிலிருந்து இரண்டு பேர், மற்றவர்கள் சுற்று ஊர்க்காரர்கள். நான்காவதாகப் பாடியவன் மல்லாங்கிணற்றுப் பையன். அவனைப் பார்க்கவே பாதிப் பேர் களத்துக்கு வருவார்கள். அவன் பாடும்போது மரத்தடியில் பேச்சு நின்றது. முடியும் என்று நினைத்த இடத்தில் முடியவில்லை. பெரியப்பாவின் முதுகு மட்டும் துண்டுக்குள் ஒரு தடவை அசைந்தது.

ஒன்பதாவது ஆளும் பாடிவிட்டுத் திரும்பிப் போனார். பெரியப்பா எழுந்திருக்கவில்லை. வெயில் நட்டக்குத்தலாக நின்றது. என் நிழல் என் வயிற்றுக்கடியில் கிடந்தது. ஏன் செய்தேன் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. படுத்தபடியே தலையை நீட்டிக் கிணற்றுக்குள் பாடினேன்.

உள்ளே போனது என் குரல்தான். வெளியே வந்தது என் குரல் இல்லை. தடித்து, ஆண்பிள்ளைக் குரலாக வந்தது. நான் வாயை மூடிய பிறகும் கொஞ்சம் பாடிக்கொண்டிருந்தது.

மரத்தடியில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எண்ணிப் பார்த்தார்கள். ஒன்பது பேரும் அங்கேதான் நின்றார்கள்.

பெரியப்பா திரும்பிப் பார்க்கவில்லை. வெகுநேரம் கழித்துத் துண்டை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, ஆறு, எட்டு, ஒன்பது என்று நம்பர் சொன்னார். ஆறு பேர்தான் ஆகிறது, ஏழாவது ஆள் யார் என்று கேட்டார்கள்.

"கடைசியாப் பாடுனவன்."

"கடைசியாப் பாடுனது நாந்தாண்ணே. என்னத்தான் ஒம்பதுன்னு சொல்லிட்டீகளே" என்றார் வீரசோழன் பாய்.

"ஒனக்கப்புறம் பாடுனவன்."

மல்லாங்கிணற்றுப் பையன் செருப்பை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ரோட்டுப் பக்கம் நடந்தான்.

மறுநாள் விடியும்போது தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட்டார்கள். தெரு நீளத்துக்கு நூல், இரண்டு பக்கமும் ஆட்கள். எங்கள் வீடுகளில் தெலுங்கு பேசுவோம். சண்டை என்று வந்தால் தமிழ்தான். அன்று காலையில் தெரு முழுக்கத் தமிழாக இருந்தது.

"மல்லாங்கிணத்துப் பயல விட்டுட்டு எவனாச்சும் டீம் எடுப்பானாலே? பஸ்ஸு வந்து நின்னு ஆள ஏத்திக் கெளம்புற வரைக்கும் அவன் மூச்சு தாங்கும்."

"அவுக காதுக்கு என்ன கேட்டுச்சோ அத எடுக்காக. ஒனக்கு இழை அறுந்தா முடி போடத் தெரியாது, நீ டீம் எடுக்க வந்துட்ட."

"செத்தவன டீம்ல சேத்தாச்சு. சரி. அவனுக்கு ட்ரவுசருக்கு அளவு எடுக்கிறது யாரு?"

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. கஞ்சிச் சட்டியைக் கலக்கிக்கொண்டிருந்த ஒருவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"நெஞ்சுவலின்னு சொன்ன தம்பிய எறக்கிவிட்டவருல்ல. அவருக்குக் கேக்கத்தான் செய்யும்."

பெரியப்பா அதே பாவின் மறு கோடியில் அறுந்த இழைக்கு முடி போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நாள் ஊரில் இதே பேச்சு. டீக்கடையில், பஸ் நிற்கும் இடத்தில், பருத்திக் கடையில். அவர் எந்த வருசம் யாரை எடுத்தார், யாரை விட்டார், எதில் தோற்றார் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தார்கள். போன தடவை ஜெயித்ததற்குத் தோளில் தூக்கியவர்களே இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்றார்கள். மல்லாங்கிணற்றுப் பையன் வேண்டாம் என்றால் மீதி இரண்டு பேரில் ஒருவனைப் போடட்டுமே என்று நியாயம் கேட்டவர்களும் உண்டு. அந்த இடத்துக்கு ஆள் ஆகிவிட்டது என்று மட்டும் பெரியப்பா சொன்னார்.

பேச்சு வளர வளரப் பயமும் வளர்ந்தது. மேற்கே ஆடு ஓட்டிப் போகிறவர்கள் உச்சிக்கு முன்னாலேயே திரும்பினார்கள். எங்கள் வீட்டு நிலையில் அம்மா வேப்பிலை சொருகினாள். எனக்கு முதலில் அடி விழும் என்று பயம். அப்புறம், எனக்கு மட்டும் தெரியும் என்பதே பயமாக இருந்தது. அதற்கும் அப்புறம், பாடியது நான்தானா என்று சந்தேகம் வந்தது. ராட்டையில் உட்கார்ந்து அந்தக் குரலை வரவழைத்துப் பார்த்தேன். வரவில்லை.

ஒரு நாள் பெரியப்பா எந்த ஊர் என்று சொல்லாமல் பஸ் ஏறினார். கோடாங்கியிடம் குறி கேட்கப் போகிறார் என்று தெரு முடிவு செய்தது. பொழுது சாய வந்தார். கால் முட்டி வரை புழுதி. பெரியம்மா சோறு வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பெரிய மனுசர்கள் நான்கு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஆறு பேரோடு இறங்கித் தோற்றால் அணி இனி உங்களிடம் இருக்காது என்று சொன்னார்கள். பெரியப்பா சரி என்றார். அவர்கள் போன பிறகு பெரியம்மா அழுதாள். அவருக்கு இருந்தது அது ஒன்றுதான் என்று எனக்கே தெரியும்.

ஆட்டம் திருச்சுழியில், குண்டாற்று மணலில். எதிரணி கடல்புரத்துக்காரர்கள். நானும் வருவேன் என்று அழுது பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். பெரியப்பா பக்கத்தில் இடம் கிடைத்தது. முன்னும் பின்னும் ஆட்டக்காரர்கள். இன்னும் நேரம் இருக்கிறது, சொன்னால் ஏழாவது ஆளைப் போட்டுவிடுவார், அணி அவரிடமே இருக்கும் என்று நினைத்தேன். மற்றவர்களுக்குப் புரியாமல் இருக்க அவர் காதில் தெலுங்கில் சொன்னேன். கிணற்றில் கடைசியாகப் பாடியது நான் என்று.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை. தெலுங்கிலேயே பதில் சொன்னார். உன் குரல் எனக்குத் தெரியாதா, அதை நான் எண்ணவில்லை என்றார்.

அப்படியானால் எண்ணியது யாரை? பஸ்ஸுக்குள் அத்தனை வெக்கையிலும் கையில் மயிர் குத்திட்டு நின்றது. பெரியப்பா தன் துண்டை என் மேல் போட்டார். இதை வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்றார்.

மணலில் கோடு கிழித்தார்கள். எங்கள் பக்கம் ஆறு பேர் இறங்கினார்கள். பாய்தான் தலைவர். அவர் ஆட்களை நெருக்கி நிறுத்தவில்லை. நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடத்தை விட்டு நிறுத்தினார். கூட்டம் அந்த இடத்தைத்தான் பார்த்தது. அத்தனை பேர் நின்ற இடத்தில் காக்கை கத்துவது கேட்டது.

முதலில் பாடி வந்தவன் நல்ல உயரம். காலி இடம் அவனுக்கு வசதி. அதற்குள் புகுந்து இரண்டு பக்கமும் கையை வீசினான். திடீரென்று முன்பக்கமாக விழுந்தான். அந்த இடத்துக்கு இரண்டு பக்கமும் நின்ற எங்கள் ஆட்கள் ஒரு பாகம் தள்ளி, கைக்கு எட்டாமல் நின்றார்கள். ஒருத்தர் கையும் அவன் மேல் இல்லை. விழுந்த அதிர்ச்சியில் மூச்சு விட்டுப்போனதால் அவன் ஆட்டமிழந்தான். எழுந்து கணுக்காலைத் தடவிக்கொண்டு, பிடித்தது யார் என்று கேட்டான். மணலில் கால் புதைந்து விழுந்திருக்கலாம். அவன் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகு அவர்கள் யாருமே அந்தப் பக்கம் வரவில்லை. ஓரமாகவே பாடிப் போனார்கள்.

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். எல்லாரும் அந்த இடத்தைப் பார்க்கும்போது அவர் மட்டும் பார்க்கவில்லை. பாடுகிற ஒவ்வொருத்தன் நெஞ்சையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரை இழுத்தது ஆட்டம். ஆறு பேர் மூச்சு, ஏழு பேர் வேலை. ஒரு புள்ளியில் தோற்றோம். பெரியப்பா கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி, பெரிய மனுசர்களில் ஒருவர் கையில் கொடுத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த வருசம் வேறு ஒருவர் வந்தார். தொடையையும் தோளையும் பார்த்து ஆள் எடுத்தார். தம்பி ஆவியை அணியில் சேர்த்த கிறுக்கன் என்று பெரியப்பாவுக்குப் பெயர் நின்றுவிட்டது. அவர் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. களத்துப் பக்கமே போகவில்லை.

கடலை எடுத்து முடிந்த சமயம் ஒரு பெண் வீடு தேடி வந்தாள். இடுப்பில் கடலை மூட்டை. மல்லாங்கிணற்றுப் பையனின் தாய் என்றாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, நின்றபடியே பேசினாள்.

"பய வீட்டுக்கு வந்துட்டாண்ணே. மதுரப் பெரியாஸ்பத்திரில வருசத்துக்குக் கிட்ட வச்சிருந்தாக. நெஞ்சுல இருந்தது ஆறிப்போச்சுன்னுட்டாக. வார தையில கல்யாணம். நீங்க மட்டும் அன்னைக்கி பஸ்ஸேறி வந்து சொல்லலேன்னா..."

"வெளிய எங்கயும் பேசாதம்மா" என்றார் பெரியப்பா.

அவள் அழுதாள். அவர் காலைத் தொடப் போனாள். அவர் நகர்ந்துகொண்டார்.

கிணற்றில் அவன் மூச்சுக்குள் பெரியப்பாவுக்குக் கேட்டது அதுதான். அந்தக் காலத்தில் காசம், நெஞ்சுச் சீக்கு என்று ஒரு சொல் வெளியே வந்தால் போதும். பொண்ணு கொடுக்க மாட்டார்கள், அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கிற யாரை அந்த இடத்தில் நிறுத்தினாலும், இவனிடம் இல்லாத என்ன குறை மல்லாங்கிணற்றுப் பையனிடம் என்று ஊர் கேட்டிருக்கும். செத்தவரை நிறுத்தினால் கேட்க முடியாது. இதெல்லாம் எனக்கு விளங்க நானே பிள்ளை பெற்று, அதன் மூச்சை ராத்திரியில் கேட்டுக்கொண்டு உட்காரும் காலம் வர வேண்டியிருந்தது. கணுக்காலைப் பிடித்தது எது என்பது மட்டும் இன்னும் விளங்கவில்லை.

அன்று அவர்கள் பேசியது முழுவதும் எனக்குக் கேட்டது. ஒன்றும் ஏறவில்லை. தன் மகனை அணியில் எடுக்காத ஆளைப் பார்த்து ஒரு தாய் எதற்காக இப்படி அழ வேண்டும் என்றுதான் யோசித்தேன். அவளுக்கும் சித்தப்பாவைப் பார்த்துப் பயம் போலிருக்கிறது, படையலுக்குக் கடலை கொண்டுவந்திருக்கிறாள் என்று முடிவு செய்தேன். யாரும் பார்க்காதபோது மூட்டைக்குள் கையை விட்டேன். படையல் கடலையைத் தின்றால் சித்தப்பா வருவாரா என்று ஒரு பயம் இருந்தது. பருத்த கடலையாக இருந்ததால் தின்றேன்.