அத்தை விரித்த வரைபடப் பக்கம்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றும் கூச்சம் இல்லை. மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்ட வந்ததுமே அத்தை, அப்பாவின் அக்கா, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். ராட்டையைச் சுற்றி, தறிக்கான பட்டு நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் ஏற்றிக் கொடுப்பது அவர் வேலை. நான் வேதப்புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தை வரிவரியாகப் படிப்பேன். ஒரு தார் நிறையும்வரை அத்தை ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருப்பார். நாம் செய்த தப்புகளைக் கடவுள் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடுகிறார் என்று சொல்லும் சங்கீதம் அது. ஒரு மழைக்காலம் முழுக்கச் சுற்றியதில் அத்தைக்கு அது மனப்பாடமானது.

அதன்பிறகு மாதந்தோறும், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஞாயிறன்று சபையில் அதை வாசித்தது அத்தைதான். கண்ணாடி போட்டு, வேதப்புத்தகத்தை விரித்து, ஒரு சொல் பிசகாமல் வாசிப்பார். அவருக்கு எழுத்து தெரியாது என்பது எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

கல்லூரி இரண்டாம் வருஷத்தில் ஒரு ஞாயிறு, முதல் வரிசையிலிருந்து எட்டிப் பார்த்தேன். புத்தகம் கடைசியிலிருக்கும், வேதகால நாடுகளின் வரைபடப் பக்கத்தில் விரிந்திருந்தது. பாட்டுக் குழுப் பெண்களிடம் சொல்லிச் சிரித்தேன். செருப்பு மாட்டுவதற்குள் சபை முழுக்கப் பரவிவிட்டது. வாசலில் ஒருவர் அத்தையின் காதுபடவே சொன்னார்.

"மேப்ப பாத்துக்கினு சங்கீதம் படிக்கறாங்கபா!"

அத்தை கண்ணாடியைக் கழற்றினார். "இனிமே படிச்சவங்க படிக்கட்டும்."

போதகர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் திருவிருந்துக்கு மண்டியிடும்போது அப்பம் தொண்டையில் நின்றது. கடவுளிடம் தினமும் மன்னிப்புக் கேட்டேன். அத்தையிடம் கேட்கத்தான் வாய் வரவில்லை.

மூன்றாவது மாதம் செல்போனைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தேன். பாதியில் திரை கறுத்தது. சார்ஜ் போய்விட்டது. அடுத்த வரி நினைவில் இல்லை. சொல்லிக் கொடுத்தவளே நான்! பாட்டுக் குழுவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மூன்றாவது வரிசையில் அத்தையின் வலது கை, எதிரே இல்லாத ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தது. அடுத்த வரி சபை முழுக்கக் கேட்கும்படி வந்தது. நான் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு மறுபடி நின்றேன். இன்னொரு வரி வந்தது. நாலு வரி இப்படிப் போனதும் போதகரே சிரித்துவிட்டார்.

"நீங்க மேலயே வந்துடுங்கம்மா!"

வந்தார். சேர்ந்து முடித்தோம். திருவிருந்துக்கு மண்டியிடும்போது அவர் காதோரம் குனிந்தேன்.

"அத்த, அன்னிக்கு உன்ன அசிங்கப்படுத்திட்டேன். மன்னிச்சிடு."

"அத எப்பவோ விட்டுட்டேன். வாய்ல இந்த சங்கீதத்தயும் மனசுல உன்மேல கோவத்தயும் வெச்சிக்கினு இருக்க முடியுமா? ரெண்டுல ஒண்ண துப்பணும்டி."

"அப்ப ஏன் திரும்பிப் படிக்க வரல?"

"நீ கூப்புடுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அன்று அப்பம் தடையில்லாமல் இறங்கியது. எழுந்திருக்கும்போது அத்தை என் விலாவில் இடித்தார். "ஏண்டி, அந்த மேப்புல நம்ம காஞ்சிபுரம் எங்க இருக்குது? நானும் மாசாமாசம் தேடறேன்."

நான் சிரித்த சிரிப்பில் போதகர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது ஒரு வரி எனக்கு, ஒரு வரி அத்தைக்கு என்று வாசிக்கிறோம். புத்தகம் அத்தை கையில்தான் இருக்கும், வரைபடப் பக்கம் விரித்தபடி.