கை நனையாத இலை

சுப்பண்ணன் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. மூன்று வருடமாக எனக்கு மத்தியானச் சாப்பாடு ஆவாரம்பாளையம் ரோட்டில் இருக்கும் நரசிம்மலு மெஸ்ஸில்தான். பம்ப்செட் கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதுவதற்குள் வந்து சுவரோரம் ஏழாம் மேஜையைப் பிடித்துக்கொள்வேன். கையில் ஏதாவதொரு கவிதைப் புத்தகம் இருக்கும். விரித்தபடி வைத்துக்கொண்டு சுப்பண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சங்கு ஊதியதும் லேத் பட்டறைகளிலிருந்து கையில் கிரீஸோடு அறுபது எழுபது பேர் வந்து விழுவார்கள். அத்தனை பேருக்கும் அரை மணி நேரம்தான். ஒரு கையில் இரண்டு வாளி, மறு கையில் கரண்டி என்று சுப்பண்ணன் மேஜைகளுக்கு நடுவே போய்க்கொண்டே இருப்பார். 'போதுமா', 'இன்னும் வேணுமா' என்று யாரையும் அவர் கேட்டதில்லை. சோற்றில் குழி பறிக்கும் விரலைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும், இது ரசத்துக்கான குழியா மோருக்கான குழியா என்று. ஊற்றினால் குழி நிறையும், கரை உடையாது. ஆளில்லாத நேரத்திலும் கால் நிற்காது. டம்ளர்களை நேராக வைப்பார், வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்ப்பார், திரும்பி வந்து அதே டம்ளர்களை மறுபடி நேராக வைப்பார்.

அன்னூர்ப் பக்கம் மூன்றரை ஏக்கர் விவசாயக் காடு இருந்ததாம். கிணறு வற்றி, ஆழப்படுத்தி, மறுபடி வற்றி, எழுபத்திரண்டில் கோயமுத்தூருக்கு வந்தவர். இருபத்திரண்டு வருடமாக இந்த மெஸ்ஸில் சப்ளையர். ஊருக்கு எதற்காவது போனால், 'கோயமுத்தூர்ல ஒரு எடத்துல இருக்கறேனுங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வார் என்று ஒருமுறை கருப்பாத்தாள் சொன்னாள். மெஸ்ஸில் இலை எடுத்து மேஜை துடைப்பவள் அவள்.

ஒரு திங்கட்கிழமை கூட்டம் வடிந்த பிறகு சுப்பண்ணன் கல்லாவுக்கு முன்னால் போய் நின்றார். நான் மோர்ச் சோற்றில் இருந்தேன்.

"ஏனுங் மொதலாளி, ஒரு சமாச்சாரமுங்க."

"சாம்பாருல உப்பா?" என்றார் நரசிம்மலு.

"அதில்லீங். என்ற பொண்ணு சாந்தாமணிக்குப் பவானியில ஒரு எடம் வந்திருக்குதுங்க. மஞ்சக்காடு, தறி, நல்ல குடும்பம். என்ற மச்சான் வாயி சும்மா இருக்காம, நான் இங்க மெஸ் நடத்தறேன்னு சொல்லிப்போட்டானுங்க."

நரசிம்மலுவின் வயிறு குலுங்கியது. "அப்ப நான் யாரு? சப்ளையரா?"

"ஒரு நாளைக்கு வாளியத் தூக்கித்தான் பாருங்களே நாயக்கரே, தொப்பை ரெண்டு இஞ்சு எறங்கும்" என்றாள் கருப்பாத்தாள், பின்னாலிருந்து.

சுப்பண்ணன் சிரிக்கவில்லை. "மாப்பளையோட தாய்மாமன் புதங்கெழமை வந்து பாப்பாராமுங்க. சொல்லாம கொள்ளாம, சாப்புட வந்தவராட்ட. ஆளு எப்படி இருப்பாருன்னே தெரியாதுங்க."

"உள்ளதைச் சொல்லிப்போடேன், சுப்பண்ணா."

"உள்ளதைச் சொல்லித்தானுங் மூணு எடம் தட்டிப்போச்சு. எச்சி எலைகிட்ட நிக்கறவன் ஊட்லயா பொண்ணு எடுக்கறதுன்னு மொகத்துக்கு நேராவே கேட்டாங்க. இதும் போச்சுன்னா அந்தப் புள்ள மொகத்துல எப்புடி முழிப்பேன்?"

நரசிம்மலு கல்லாப் பெட்டியைச் சாத்தினார். பிறகு, "புதங்கெழமை நீ கல்லாவுல உக்காரு. வாளிய நான் பாத்துக்கறேன்" என்றார்.

புதன்கிழமை சுப்பண்ணன் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாகக் கல்லாவில் இருந்தார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். கால் ஆடிக்கொண்டே இருந்தது. வாசலில் நிழல் விழும்போதெல்லாம் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நுழைந்ததும் சுப்பண்ணன் முழுசாகவே எழுந்துவிட்டார். அவர் எதிர்ப் பட்டறைக்கு வாடகை வாங்க வந்த ஆள் என்று கருப்பாத்தாள் கண் ஜாடை காட்டினாள்.

மெஸ் முழுக்க விஷயம் தெரியும். அதனால் ஆளாளுக்கு ஒரே குஷி. நரசிம்மலு மூச்சிரைக்க ரசம் ஊற்றும்போது ஒரு டர்னர் சத்தமாகக் கேட்டான்: "ஏனப்பா புது சப்ளையரு, ரசம் ஊத்தறியா, காடு பாய்ச்சறியா?" ரசம் மேஜையிலிருந்து அவன் மடிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சுப்பண்ணனின் கை மட்டும் கல்லாப் பெட்டியின் மேல் ஒரு வாளியின் காதைத் தேடுவதுபோலத் திறந்து மூடியது.

அப்போதுதான் என் எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். காலில் புழுதி. பட்டை பட்டையாகக் கோடு போட்ட ஜமக்காளப் பையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பையைப் பார்த்ததுமே பவானி ஆள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லாப் பக்கம் ஜாடை காட்டலாம் என்றால் என் தலை திரும்பவில்லை.

"ஏனுங் தம்பி, கல்லாவுல இருக்கறவருதானுங் மொதலாளி?"

தெரியாத ஆளிடம் பேச எனக்கு வாய் எழும்பாது. அன்றும் எழும்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் முகத்தில் ஏதோ முடிவாகிவிட்டது தெரிந்தது. நரசிம்மலு வந்து இலை போட்டு, பொரியல் வைத்து, சோறு கொட்டி, சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார். வந்தவர் இலையில் கை வைக்கவில்லை. டம்ளர் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். சோற்றைப் பார்ப்பதும் கல்லாவைப் பார்ப்பதுமாக இருந்தார். அதிகாலை பஸ் ஏறியிருக்க வேண்டும், பசி கண்ணில் தெரிந்தது. தலையாட்டியதில் எங்கே தவறு நடந்தது என்று புரியாமல் பொரியலைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

சுப்பண்ணனும் பார்த்துவிட்டார். ஆளைப் பார்த்திருக்க மாட்டார், இலையைத்தான் பார்த்திருப்பார். பரிமாறி ஐந்து நிமிடமாகியும் விரல் படாத இலை. ஒருமுறை எழுந்தார், உட்கார்ந்தார். நரசிம்மலு 'உக்காரு' என்று கண்ணைக் காட்டினார். மறுபடி எழுந்தவர் உட்காரவில்லை. நேராக ஏழாம் மேஜைக்கு வந்து நின்றார்.

"ஏனுங், சாப்பாடு புடிக்கலீங்ளா? வேற எதாச்சும் கொண்டாரட்டுங்ளா?"

வந்தவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கொற ஒண்ணுமில்லீங். நான் பவானியிலிருந்து வாரேன். மாப்பளைக்குத் தாய்மாமன். சொல்லாம பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். ஆனா பேச்சு முடியாம உங்க எடத்துல கை நனைக்கப்படாதுங்களே."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள், தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். மச்சான் சொன்னதையும் என் தலையாட்டலையும் நம்பி, இந்த மெஸ்ஸையே பெண் வீடாக்கிக்கொண்டு பட்டினி உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

சுப்பண்ணன் அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆவி அடங்கிவிட்டிருந்தது. ஓரமாகச் சாம்பார் ஏடு கட்ட ஆரம்பித்திருந்தது. ஆமாங்க என்று சொன்னால் போதும். அவர் பசியோடு எழுந்து போவார், கல்யாணம் நடந்துவிடும்.

"சாப்புடுங்" என்றார் சுப்பண்ணன். "இது என்ற கடை இல்லீங். நான் இங்க சப்ளையரு. இருவத்திரண்டு வருசமா. அதா, வாளியோட நிக்கறாருங்களே, அவருதான் மொதலாளி. நீங்க தாராளமாக் கை நனைக்கலாமுங்க."

நரசிம்மலு வாளியைக் கீழே வைத்தார்.

பவானிக்காரர் சுப்பண்ணனைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்பவும் சோறு போடுற எடம் இதுதானுங்களே உங்குளுக்கு." இலையைத் தொடாமலே பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ஊட்ல கலந்துக்கறேனுங்க." போய்விட்டார்.

"எடுத்துப் போடட்டுங்ளாண்ணா?" என்று கருப்பாத்தாள் வந்தாள். சுப்பண்ணன் வேண்டாம் என்று கையைக் காட்டி, இன்னொரு இலையை எடுத்து வந்து அந்தச் சோற்றை மூடி வைத்தார். வெள்ளைச் சட்டையோடே வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போனார்.

அதற்கப்புறம் எட்டு நாள் என்னால் ஒரு கவிதையையும் முழுசாகப் படிக்க முடியவில்லை. வேண்டாம் என்று முடிவு செய்த மனிதர் என்றால் அன்றைக்கே வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாமே, எழுந்து போனார் என்றால் பேச்சு இன்னும் அறுந்துபோகவில்லை என்றுதானே அர்த்தம்? இதைச் சுப்பண்ணனிடம் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொண்டு போவேன். அவர் சோறு போடுவார், நான் குழி பறிப்பேன், அவர் ரசம் ஊற்றிவிட்டுப் போய்விடுவார். அவரும் சரியாக இல்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். "தரை தேஞ்சு போயிருமுங்ணா" என்றாள் கருப்பாத்தாள். அவள் குரலிலும் கேலி பாதிதான் இருந்தது.

ஒன்பதாம் நாள் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜமக்காளப் பை உள்ளே வந்தது. கூடவே ஒரு அம்மாவும் வந்தார். இருவரும் நேராக என் மேஜைக்கே வந்தார்கள். நான் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்தேன்.

"உக்காருங் தம்பி. அன்னைக்குத் தலையாட்டுனவருதானுங் நீங்க?" பவானிக்காரர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. "கல்லாவுல ஒரு நிமிசம் உக்கார முடியாதவரு மொதலாளின்னா யாரு நம்புவாங்க? உங்க தலை ஆடுனதாலதான் நம்புனேன்."

நரசிம்மலுவே ஓடி வந்து இலை போட்டார். சுப்பண்ணன் பழைய காக்கிச் சட்டையில், இரண்டு வாளியோடு, மேஜைக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டார். கிட்டே வரவில்லை.

"இவ என்ற அக்கா. மாப்பளையோட அம்மா" என்றார் பவானிக்காரர். கையைக் கழுவிக்கொண்டு வந்து, இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். "உங்க மச்சான் பேச்சுக்கு நாங்க வரலீங், உங்க பேச்சுக்குத்தான் வந்தோமுங், சம்மந்தி. அன்னைக்கே பசி. இன்னைக்காவது போடுங்."

சுப்பண்ணன் வந்தார். சோறு வைத்தார். சாம்பார் கரண்டியை இலைக்கு மேல் சாய்த்தவர் நிறுத்தவில்லை. கரை உடைந்து, இலை தாண்டி, மேஜை விளிம்பு வரை ஓடியது.

"அண்ணா, காடு பாயுது!" என்று அந்த டர்னர் பின்னாலிருந்து கத்தினான்.

சுப்பண்ணன் நிமிரவில்லை. அவர் வாயிலிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

"போதுங்ளா?"

அந்த அம்மா ஏற்கெனவே பிசைய ஆரம்பித்திருந்தார். "பத்தாதுங்ணா, ஊத்துங்" என்றார், முதல் வாய்ச் சோற்றை உருட்டிக்கொண்டே.