யசோதினியின் கேரவனில் ஒரு கட்டில்

என் தங்கை யசோதினிக்குக் காலில் சக்கரம் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். அதிகம் சொன்னவள் நான்தான். மனோர் பார்க்கில் நாங்கள் இருக்கும் வீடு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. முன்கதவிலிருந்து பின்கதவுக்குப் பதினைந்து எட்டுக்கூட இராது. அதற்குள் அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்வருவாள் என்று கேட்காதீர்கள். தேத்தண்ணி ஊற்றுவாள், குடிக்காமல் மாடிக்கு ஏறுவாள், இறங்கி வருவாள், முன்கதவைத் திறந்து ரோட்டைப் பார்ப்பாள். என்ன தேடுகிறாய் என்றால் ஒன்றுமில்லை என்பாள். குளியலறைக்குள் போனாலோ முக்கால் மணித்தியாலம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் போய்க் கதவைத் தட்டுவேன். விழுந்து கிடந்தால் யாருக்குத் தெரியும்?

அவளுக்கு ஐம்பத்துநாலு வயது. பன்னிரண்டு வருடமாக லண்டனில் பஸ் ஓட்டுகிறாள். கணவன் றமணன் மாரடைப்பில் போய் நான்கு வருடமாகிறது. ஒரே மகன் ஜெரோசன் லண்டனிலேயே எட்மண்டன் பக்கம் இருக்கிறான். நான் ஜெகதீஸ்வரி, அவளுக்கு ஆறு வயது மூத்தவள், கலியாணம் கட்டாதவள். விம்பிள்டனில் ஒரு குடும்பத்தோடு அறை எடுத்து இருந்தேன். றமணன் போனதும் அந்த அறையை விட்டுவிட்டு இவளோடு வந்து இருந்துவிட்டேன். புருசன் செத்த வீட்டில் ஒருத்தியைத் தனியே விடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. இதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்தது அதுதான்.

போன வருடம் பங்குனியில் அவளோடு வேலை செய்யும் ஒரு வெள்ளைக்காரப் பெடியனின் தாய் வீட்டுத் தோட்டத்தில் ஒரு கேரவன் கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தாள். காரின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வண்டி. எழுபத்துமூன்றாம் ஆண்டில் செய்தது, பத்தடி நீளம், கூரை முழுக்கப் பாசி. உள்ளே ஈரத் துணியை ஒரு கிழமை மூடி வைத்த மணம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் உள்ளேயே நின்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அது பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் பாஸ்கரன் அண்ணையின் கராஜுக்கு வந்து சேர்ந்தது. அவர் றமணனின் பழைய கூட்டாளி, வண்டி திருத்துகிறவர்.

பிறகு லீவு நாள் என்று ஒன்று அவளுக்கு இல்லாமல் போயிற்று. அதிகாலை ஷிப்ட் என்றால் பின்னேரம் கராஜ், பின்னேர ஷிப்ட் என்றால் காலையில் கராஜ். பிரேக், டயர், அடிச்சட்டத்துத் துரு எல்லாம் பாஸ்கரன் அண்ணை பார்த்தார். மரவேலையை அவள் யாரையும் தொடவிடவில்லை. முன்மூலையின் அலுமினியத் தகட்டைக் கழற்றினால் உள்ளே சட்டங்கள் உக்கிப்போய், தேத்தண்ணியில் நனைத்த ரஸ்க் மாதிரிக் கையோடு வந்தன. ஒவ்வொன்றாக அளந்து புதுச் சட்டம் வைத்தாள். ஜன்னல் ஓரத்தில் பசை போதாமல் முதல் மழைக்கே ஒழுகியது. முகத்தைக்கூடச் சுளிக்காமல் எல்லாவற்றையும் மறுபடி கழற்றினாள்.

ஒருநாள் சாப்பாடு கொண்டு போனேன். கதவு ஓரத்தில் நின்று பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததே தெரியாது. ஒரு மணித்தியாலம் ஒரே இடத்தில் நின்றாள். பிறந்த நாளிலிருந்து அவளை அறிவேன், அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்கு ஏனோ எரிச்சல்தான் வந்தது. சோறு ஆறுகிறது என்று சத்தம் போட்டேன்.

வேலை முடிந்து பார்க்கக் கூப்பிட்டபோது உள்ளே ஒரு கட்டில்தான் இருந்தது. நாலு பேர் படுக்கிற வண்டியில் மூன்று படுக்கையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. மற்ற ஆட்கள் எங்கே படுக்கிறது என்று கேட்டேன். பார்ப்பம் என்றாள்.

இந்த வருடம் ஆடி மாதம் இரண்டு இரவுக்கு சஃபோக் கடற்கரைப் பக்கம் ஒரு பண்ணையில் இடம் பதிந்திருப்பதாகவும் தனியாகப் போவதாகவும் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். நானும் வாறன் என்றேன். வேண்டாம் என்றாள். இரண்டு நாள் கழித்து, சமையலுக்காவது வாறன் என்றேன். வேண்டாம் அக்கா, பாணும் முட்டையும் போதும் என்றாள். போவதற்கு முதல்நாள் மூன்றாம் முறை கேட்டேன். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். எங்கள் ஆட்களின் வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், வேண்டாம் என்று ஒருவர் மூன்று தரம் சொன்ன பிறகுதான் நாங்கள் சோற்றைக் கோப்பையில் போடுவோம். வேண்டாம் என்று சொன்ன உடனே விலகிப் போகிறவள் பெண்ணா? ஆகவே நான் என் உடுப்பை அடுக்கினேன்.

சனிக்கிழமை காலை கேரவனைக் காரில் கொழுவி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அவள் குளிக்கப் போனாள். அவளுடைய முக்கால் மணித்தியாலம் எனக்கு நன்றாகவே போதும். கேரவனின் பின்பக்கம்தான் குசினி. சாமான்களுக்குரிய இடம் குசினிதானே? பத்துக் கிலோ சிவப்பரிசி, ரைஸ் குக்கர், இரண்டு சட்டி, தேங்காய் துருவும் பலகை, ஐஸ் பெட்டிக்குள் மீன்குழம்பு, இரண்டு கட்டுத் தண்ணீர்ப் போத்தல், பக்கத்து வீட்டு பெர்னடெற் பொரித்துத் தந்த நாற்பது ரோல்ஸ், எனக்கு நிலத்தில் விரிக்க ஒரு மெத்தை. எல்லாவற்றையும் பின்னால் ஏற்றி, மேலே ஒரு போர்வையும் போட்டு மூடினேன். பாஸ்கரன் அண்ணை முந்தின கிழமைதான் என் காது கேட்கச் சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, பாரம் அச்சுக்கு மேல இருக்கவேணும். பின்னுக்கு ஏத்தினால் வண்டி வால் ஆட்டும்."

அவர் சொன்னது இரும்புச் சாமான்களைப் பற்றி என்று நான் எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டுச் சாமானைப் பாரம் என்று யார் நினைப்பார்கள்?

யசோ இறங்கி வந்தாள். காரின் முன்சீற்றில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் ரோட்டில் நின்றாள். பிறகு ஏறி வண்டியை எடுத்தாள். வழியெல்லாம் நான்தான் கதைத்தேன்.

செம்ஸ்ஃபோர்ட் தாண்டி ஏ-12 ரோட்டில் கொஞ்சம் இறக்கமாக இருந்த இடத்தில் ஒரு பெரிய லொறி எங்களை முந்திப் போனது. அதன் காற்று அடித்ததும் பின்னால் யாரோ பிடித்து இழுத்த மாதிரிக் கார் ஒருபக்கம் போயிற்று. அடுத்த கணம் மற்றப் பக்கம். கண்ணாடியில் பார்த்தேன். கேரவன் இடதும் வலதுமாக வீசி ஆடியது, ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாக. பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நான் முருகா முருகா என்று கத்தி, பிரேக்கைப் போடு என்று அவள் கையைப் பிடித்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். பிரேக்கைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை நேரே பிடித்தபடி காலை மெல்ல எடுத்தாள், அவ்வளவுதான். வேகம் குறையக் குறைய ஆட்டமும் அடங்கியது. அன்று என் தங்கையின் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் நான் இதைச் சொல்ல இருந்திருக்க மாட்டேன்.

விதம் என்ற சிறு ஊருக்குள் வண்டியைத் திருப்பி, ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு அகலமான ரோட்டோரம் நிறுத்தினாள். இறங்கிப் போய்க் கேரவனின் கதவைத் திறந்தாள். போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். குழம்பு கொஞ்சம் சிந்தி அவள் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய தரையில் ஓடியிருந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன். அவள் ஒவ்வொரு சாமானாக எடுத்து நடைபாதையில் வைத்தாள். கடைசியாக என் உடுப்புப் பையை வைத்தாள்.

"அக்கா, எனக்கு ஐம்பத்துநாலு வயசு. இவ்வளவு வருசத்தில ஒரு இரவுகூட நான் தனியப் படுக்கேல்லை. ஒரு இரவுகூட. உங்களில எனக்குக் கோவமில்லை. நீங்கள் ரயிலில வீட்ட போங்கோ."

சாமானை எல்லாம் அவளே ஸ்டேஷனுக்குள் தூக்கிவந்து தந்தாள். டிக்கெட்டும் எடுத்துத் தந்தாள். பிறகு போய்விட்டாள். கேரவன் கொஞ்சம்கூட ஆடாமல் அவள் பின்னால் போனது.

பத்துக் கிலோ அரிசியும் குழம்புச் சட்டியுமாக நான் அந்த ரயிலில் ஏறிய கதையை விடுங்கள். ஷென்ஃபீல்ட் வரைக்கும் கோபம் கொதித்தது. பொய் சொல்கிறாள், ஒரு இரவுகூடவா இல்லை என்று மனதுக்குள் ஒவ்வொன்றாகத் தேடினேன். சின்ன வயதில் ஒரு அறைக்குள் ஏழு பேர், அவள் எனக்குப் பக்கத்தில். நாட்டைவிட்டு வந்து பாரிஸ் நகரத்து லா சப்பலில் இருந்த அறையில் பதினொரு பேர், முறை வைத்துப் படுப்போம். பிறகு கலியாணம், லண்டன், மாமியார், கைப்பிள்ளை. மாமியார் படுக்கையில் விழுந்த ஆறு வருடமும் கிழவியின் கட்டிலருகே படுத்தாள். பிறகு றமணன் போனான். பிறகு நான்.

ஷென்ஃபீல்டில் எலிசபெத் லைன் ரயிலுக்கு மாறி உட்கார்ந்தபோது றமணனின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த அந்தப் பின்னேரம் நினைவுக்கு வந்தது. வந்த சனம் எல்லாம் போய்விட்டது. யசோ ஹோலின் நடுவில் நின்றாள். அழவில்லை. வெறும் வீட்டை மெல்ல மெல்லச் சுற்றிப் பார்த்தாள், அவ்வளவு ஆறுதலாக. நான் பின்னால் போய்த் தோளைப் பிடித்து, பயப்படாதே, நான் விம்பிள்டனுக்குத் திரும்பிப் போகேல்லை, உன்னோடதான் இருக்கப்போறன் என்றேன். அவள் முகம் மாறியது. நன்றி என்று நினைத்தேன். நான்கு வருடமாக அதை நன்றி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து சாமானைக் குசினியில் இறக்கினேன். வெயில் இன்னும் எறித்தது. தேத்தண்ணி ஊற்றினேன், குடிக்காமல் மாடிக்குப் போனேன். இறங்கி வந்து ரேடியோவைப் போட்டேன், நிற்பாட்டினேன். முன்கதவைத் திறந்து ரோட்டைப் பார்த்தேன். ஆறு மணிபோல ஜெரோசன் போன் எடுத்து, "பெரியம்மா, நீங்கள் தனியவோ? நான் வரட்டோ?" என்று கேட்டான். அவன் கேட்டு முடிக்கவில்லை, வா என்றுவிட்டேன். இரண்டு இரவும் அவனைப் பக்கத்து அறையில் படுக்கவைத்து, கதவைத் திறந்தே வைக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை மத்தியானம் யசோ வந்தாள். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. ஜெரோசன் வேலைக்குப் போயிருந்தான். நான் இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். நான் விம்பிள்டனுக்கே போறன், அங்கே அறை கேட்டுவிட்டேன், இனி உனக்கு நான் இடைஞ்சல் இல்லை என்றேன். அறை கேட்டது பொய். வெட்கமாக இருந்தது.

அவள் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் குசினிக்கு வந்தாள். தனியப் படுக்கப் பயமாக இருக்கவில்லையா என்று கேட்டேன்.

"பயந்துகொண்டுதான் படுத்தன். ஆனால் நல்ல நித்திரை" என்றாள்.

பிறகு கழுவாமல் கிடந்த ஜெரோசனின் கோப்பையைப் பார்த்தாள். எடுத்துக் கழுவி வைத்தாள். எனக்கு முகத்தைக் காட்டாமலே சொன்னாள்.

"நீங்கள் ஒரு இடமும் போகவேண்டாம், அக்கா. உங்களுக்குத் தனிய இருக்க ஏலாது. அது எனக்கு அப்பவே தெரியும்."

அப்பவே என்றால் எப்போது என்று நான் கேட்கவில்லை. முப்பத்தோராம் நாள் பின்னேரம் என் தங்கை ஏன் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு விளங்கியது. நான்கு வருடம் நான் அவளுக்குத் துணை இருந்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். துணைக்கு இருந்தவள் அவள்.

ஆவணியில் மூன்று இரவுக்குப் போகப்போகிறாளாம். நான் அவளுக்கு ஒரு பாணும் ஆறு முட்டையும் வாங்கி வைக்கிறேன்.