தாரா மாரியாயியும் ஒன்பது குஞ்சுகளும்

கம்பளையிலிருந்து கோப்பி மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் வீரன், கண்டியில் நான் வேலை பார்க்கும் மருந்துச்சாலையின் வாசலில் நின்று சொன்னார்: "மருந்தய்யா, நம்ம மாரியாயி போயிருச்சுங்க."

"எந்த மாரியாயி?" என்று கேட்டேன். நான் முன்பு வேலை பார்த்த கோப்பித் தோட்டத்துக் குடியிருப்பு லயங்களில் மூன்று மாரியாயிகள் இருந்தார்கள்.

"தாரா மாரியாயிங்க. மூணு நாள் காய்ச்சல். எடுத்தாச்சு, எல்லாம் முடிஞ்சு போச்சு."

சரி என்றேன். எதிரே உட்கார்ந்திருந்தவரின் காலில் கட்டுப் போட்டு முடித்தேன். அடுத்து வந்தவருக்கு இருமல் மருந்துக்குப் பதிலாகப் பேதி மருந்தை ஊற்றப் போனேன். நல்லவேளை, அவரே போத்தலைப் பார்த்துத் தடுத்தார்.

மாரியாயியை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். உயிரோடு இருந்தவரை "நீ, வா, போ" என்று பேசியவன் இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

ஆற்றங்கரைக் கோப்பி ஆலையில் பழத்தோலை வாரித் தள்ளுவது அவர் வேலை. உரித்த தோலும் கழுவிய தண்ணீரும் கான் என்கிற வாய்க்கால் வழியாக மகாவலி ஆற்றின் ஓரத்துத் தேக்கத்தில் போய் விழும். பறிப்புக் காலத்தில் அந்தத் தேக்கம் கறுத்து, புளித்து நாறும். நான் முதன்முதலில் அவரைப் பார்த்த அன்று, கானை மதகுப் பலகையால் அடைத்துவிட்டு அதன்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். மேலே ஆலைக்குள் தண்ணீர் ஏறியது, கங்காணி கத்தினார். கரையோர மருத மரத்துப் பொந்திலிருந்து குதித்திறங்கிய காட்டுத்தாரா என்ற வாத்தின் குஞ்சுகள், தாயும் தகப்பனும் சீழ்க்கையடித்து முன்னே போக, கானுக்குள் இறங்கிக் கடந்துகொண்டிருந்தன. "இதுங்க போகட்டும் கங்காணி. கோப்பி எங்க ஓடிறப் போகுது?" என்றார். கடைசிக் குஞ்சு கரையேறிய பிறகுதான் பலகையைத் தூக்கினார். அன்றிலிருந்து அவர் தாரா மாரியாயி.

என் வேலை வேறு. பேதி கண்டு பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்த தோட்டத்துக்கு மருந்துக்காரனாக வந்தவன் நான். ஓடைத் தண்ணீரைக் குடிக்காதே, மேலே ஊற்றுக்குப் போ, காய்ச்சிக் குடி என்று லயம் லயமாகப் போய்ச் சண்டை போட்டேன். முதலில் கேட்டவர் மாரியாயி. அவருடைய இரண்டு பிள்ளைகளும் பிழைத்தன. அதன் பிறகு எனக்குத் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாராக் குடும்பமோ வருடாவருடம் அந்த நாறிய தேக்கத்துக்கே போகும். மணல்மேட்டுக்கு அப்பால், கூப்பிடு தூரத்தில், புல் சூழ்ந்து தெளிந்த மடு ஒன்று இருந்தது. "நல்ல தண்ணீரை விட்டுவிட்டு இதில் ஏன் விழுகின்றன?" என்று மாரியாயியிடம் கேட்டேன்.

"அதுங்களா போகுதுன்னா என்னமோ இருக்குங்க."

"அறியாத குஞ்சுகள்."

"ஆமாங்க, நீங்க அறிஞ்சவுங்க," என்று சொல்லிவிட்டு வாரியை எடுத்துக்கொண்டு போனார்.

ஒரு பறிப்புக் காலத்தில் தேக்கத்தில் இரண்டு குஞ்சுகள் செத்து மிதந்தன. மிச்சம் ஒன்பது. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தண்ணீர்தான் கொன்றது என்றேன். ஒன்பதையும் மடுவுக்கு ஓட்டிவிட வேண்டும், உதவிக்கு வா என்று மாரியாயியைக் கூப்பிட்டேன். அவர் தேக்கத்தைப் பார்த்தார், மடுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். இலைக்கொப்புகளால் தண்ணீரை அடித்து அடித்து விரட்டினோம். பெரிய தாராக்கள் தலைக்குமேல் சுற்றிக் கதறின. ஒன்பதும் மணல்மேட்டைத் தாண்டித் தெளிந்த தண்ணீரில் விழுந்தபோது நான் கைதட்டினேன். அவர் தட்டவில்லை.

நாலாம் நாள் ஐந்து குஞ்சுகள் இருந்தன. அடுத்த வாரம் ஒன்று. பிறகு அதுவும் இல்லை. மடுவில் மீன் நிறைய; மீனுக்காக வரும் நீர்நாய்களும் உண்டு. நாறிய தேக்கத்தில் மீனும் இல்லை, நீர்நாயும் இல்லை, குஞ்சுகளுக்கு இரையாகப் பழத்தோலில் நெளியும் புழு மட்டும் வேண்டியமட்டும் இருந்தது. இதையெல்லாம் கரையில் உட்கார்ந்து பார்த்தபின்தான் யோசித்தேன். மாரியாயி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பாத்துட்டீங்கல்ல, போயி வேலையப் பாருங்க," என்றார்.

மறு வருடம் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தேக்கத்திலிருந்து ஏழு குஞ்சுகள் வளர்ந்து பறந்தன. அப்படியானால் அழுக்குத்தான் காப்பா? அதற்கு அடுத்த வருடம் அதே தேக்கத்தில் அத்தனையும் மூன்றே நாளில் செத்து ஒதுங்கின. என்ன நினைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

கண்டிக்கு மாற்றலாகிப் போகும்போது கேட்டுவிட்டேன்: "குஞ்சுகளை ஓட்டிய அன்றைக்கே மடுவில் நீர்நாய் இருப்பது உனக்குத் தெரியுமா, மாரியாயி? தெரிந்தும் ஏன் என்கூட இறங்கினாய்?"

"நீங்க சொன்ன தண்ணியக் குடிச்சுத்தானே எம்புள்ளைங்க ரெண்டும் இருக்கு. தாரா விஷயமும் ஒங்களுக்குத்தான் தெரியும்னு நெனச்சேங்க."

அது உண்மையா, என் மனம் நோகக்கூடாதென்று சொன்னதா? தெரிந்தே வந்திருந்தால், எனக்காக அந்தக் குஞ்சுகளை விட்டுக்கொடுத்தார். தெரியாமல் வந்திருந்தால், அவர் நம்பிக்கையை வைத்து நான்தான் கொன்றேன். இரண்டில் எதை விரும்புவது என்றே புரியாமல் இந்த நாலு நாளும் திரிகிறேன். இனி கேட்கவும் ஆள் இல்லை. அவர் போனதில் எனக்குப் பெரிய துக்கம். அதை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

தினமும் அந்தக் கானில் நின்றவர் அவர். தேக்கத்தையும் மடுவையும் என்னைவிட ஆயிரம் தடவை பார்த்தவர். அன்று அவர் மூன்று பக்கமும் திரும்பிப் பார்த்தபோது, "நீ என்ன பார்த்திருக்கிறாய்?" என்று நான் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இப்போது மருந்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை போத்தலைத் தொடுவதில்லை. மாரியாயியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்வி.